நாய்க்குப் போட்ட சோறு

யாராவது எனக்கு ஒரு கோப்பை தேத்தண்ணீர் நீட்டினால் முதலில் கோப்பையைப் பார்ப்பேன், பிறகு நீட்டியவர் முகத்தைப் பார்ப்பேன். அதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடும். பிறவிக் குணம் என்பாள் அக்கா. இல்லை, ஓட்டம் கற்றுக்கொடுத்த குணம். பதினைந்து வயதில் முதன்முதலாக மாகாணப் போட்டிக்குப் போனபோது எங்கள் விளையாட்டு மாஸ்டர் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்துச் சொன்னார்: "மூடி தொறந்த போத்தல யாரு குடுத்தாலும் வாங்காதீங்க. ஒங்கம்மாவே குடுத்தாலும் வாங்காதீங்க." மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அம்மாவே கொடுத்தாலும் என்று சொல்கிறார் என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

கிளினிக்கின் நீள வாங்கில் என் பக்கத்தில் உட்காரும் புது நோயாளிகள் "அக்கா, என்ன சாப்புடலாம், என்ன சாப்புடக் கூடாது?" என்று கேட்கிறார்கள். கூடாததைப் பற்றிச் சொல்ல என்னை விட்டால் இந்த மாவட்டத்தில் ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் வசந்தி. பசறையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் மலை ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை; கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். மற்ற நேரமெல்லாம் ஓட்டம். ஐயாயிரம், பத்தாயிரம் மீற்றர். சித்திரை வருஷப் பிறப்புக்குச் சுற்றுவட்டாரத்தில் எங்கே வீதி ஓட்டம் வைத்தாலும் என் பெயர் இருக்கும். கல்யாண வீட்டில் நான் முழுசாக ஒரு மணி நேரம் உட்கார்ந்ததில்லை, விடிந்தால் பயிற்சி. சாவு வீட்டிலும் அப்படித்தான். ஒட்டி ஒட்டிக் கட்டிய பன்னிரண்டு வீட்டு லயத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்தவள்தான், ஆனால் அந்தப் பன்னிரண்டு காம்பராவில் ஒருத்திக்குக்கூட ஒரு பிடி சோறு பொங்கிப் போட்டதில்லை. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பின்னால் நடந்தது விளங்க இது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் வீங்கியது கணுக்கால். புதுச் சப்பாத்தைச் சந்தேகப்பட்டேன். சப்பாத்தைத் தூக்கிப் போட்டும் வீக்கம் போகவில்லை. பிறகு மூத்திரத்தில் நுரை. லயத்துக்கே பொதுவான பீலிக் குழாய்த் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். ஹாலிஎலயில் ஒரு போட்டியில் பாதித் தூரத்திலேயே மூச்சு முட்டி ரோட்டோரம் உட்கார்ந்தபோது, காலையில் சாப்பிட்ட கடை ரொட்டியைச் சந்தேகப்பட்டேன். பதுளை ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சு" என்றார் டொக்டர்.

"அது வேற வசந்தியோட ரிப்போட்டா இருக்கும்" என்றேன். தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு வசந்தி இருக்கிறாள் அல்லவா? டொக்டர் கோபிக்கவில்லை. சிங்களவர், அம்மா வயது, தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசுவார். "சரி, இன்னொரு வாட்டி எடுக்கிறது" என்றார். எடுத்தார்கள். போதாதென்று வெளியில் ஒரு லேபிலும் கொடுத்தேன். மூன்று தாளும் ஒன்றையே சொல்லின. கிரியேட்டினின் என்று ஒரு கழிவு. தசை வேலை செய்யும்போது இரத்தத்தில் சேருவது. நல்ல சிறுநீரகம் அதை வடித்து வெளியே அனுப்பிவிடும். எனக்கு அது வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே இருந்தது. ஓடி ஓடித் தசை வளர்த்தவள் நான். அன்று ராத்திரி சத்தம் வராமல் அழுதேன்.

கிழமைக்கு இரண்டு நாள் பதுளைக்குப் போய் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடக்க வேண்டும். கையில் இரத்த நரம்புகளைச் சேர்த்துத் தைத்து, அதில் இரண்டு ஊசி. ஒரு ஊசி வழியாக இரத்தம் வெளியே போகும், சுத்தமாகி மற்ற ஊசி வழியாகத் திரும்பி வரும். மற்றவர்கள் தூங்குவார்கள். நான் தூங்கவே மாட்டேன். போன இரத்தமெல்லாம் திரும்பி வருகிறதா என்று குழாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். "ஒங்க ரத்தத்த வச்சு நாங்க என்னம்மா பண்ணப் போறோம்?" என்று நர்ஸ் மிஸ் ஒரு நாள் கேட்டார். நான் பார்ப்பதை நிறுத்தவில்லை.

சிறுநீரகம் தருகிறேன் என்று சொன்னது என் அக்கா மல்லிகா. கொழுந்தெடுப்பவள், இரண்டு பிள்ளைக்குத் தாய். அம்மா போன பிறகு நான் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். சொந்த அக்கா கொடுத்தாலும் சும்மா வாங்கிவிட முடியாது. காசுக்காகவோ யாருடைய மிரட்டலுக்காகவோ கொடுக்கவில்லை என்று ஒரு குழு விசாரித்து எழுத வேண்டும். ஒப்பரேஷன் செய்யும் கண்டி ஆஸ்பத்திரியில் அக்காவைத் தனியாக உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே உட்கார்ந்து நகம் கடித்தேன். என்னவெல்லாம் கேட்கிறார்களோ, இவள் என்ன உளறுகிறாளோ!

வெளியே வந்தவளைப் பிடித்தேன். "என்னக்கா கேட்டாங்க?"

"ஏன் குடுக்குறேன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ரெண்டு இருக்கு, ஒண்ணு இருந்தாப் போதும்னு டொக்டரே சொன்னாரு, அதான் குடுக்குறேன்னேன்."

"அவ்வளவுதானா?"

"வேற என்னடி? கூத்தா கட்டுறது? பசிக்குது, வா."

அவ்வளவுதான் என்பதை நான் நம்பவில்லை. அக்கா புருஷன் மாமாவுக்குத் தெரியாமல் ஏதாவது நேர்த்திக்கடன் இருக்குமோ, சாகும்போது அம்மா சத்தியம் வாங்கியிருப்பாளோ என்று ஒரு கிழமை யோசித்தேன்.

ஒப்பரேஷனைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. கண் விழித்தபோது வலது அடிவயிற்றில் தையல், பக்கத்தில் தொங்கிய பையில் மஞ்சளாக மூத்திரம். பழைய சிறுநீரகங்களை எடுக்க மாட்டார்கள், புதியதை முன்பக்கம் அடிவயிற்றில் வைப்பார்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அந்தப் பை நிரம்புவதைப் பார்த்து வார்ட்டே சந்தோஷப்பட்டது. வாழ்நாளில் நான் ஓடி வாங்கிய எந்தக் கோப்பையையும் அப்படிப் பார்த்ததில்லை. அடுத்த வார்ட்டில் அக்கா வலி தாங்காமல் முனகிக்கொண்டு கிடந்தாள். அவளைப் பார்க்க என்னை விடவில்லை.

இனி மாத்திரை. காலை ஆறு, மாலை ஆறு, பிந்தக் கூடாது. டக்ரோலிமஸ் என்று பெயர். உடம்புக்கு வெளியாள் ஆகாது. அக்காவுடையதானாலும் அதற்கு வெளியாள்தான். கண்டதும் அடிக்கத் தொடங்கும். இந்த மாத்திரை அந்தக் கோபத்தை அடக்கி வைக்கும். குறைந்தால் உடம்பு புதுச் சிறுநீரகத்தை அழித்துவிடும். கூடினால் மாத்திரையே விஷமாகி அதே சிறுநீரகத்தைக் கெடுக்கும். "ஒங்க ஒடம்பு எல்லாரையும் சந்தேகப்படும் வசந்தி. மாத்திரதான் அதுக்குப் புத்தி சொல்றது" என்றார் கண்டி மிஸ். நல்ல உடம்புதான் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு சாப்பாட்டைப் பற்றி நிறையச் சொன்னாராம். எனக்கு ஒரே கேள்வி: மறுபடி ஓடலாமா? ஓடலாம், ஆனால் மெதுவாக, மாதக்கணக்கில் பொறுத்து என்றார். காதில் ஏறியது அது மட்டும்தான். மற்றதையெல்லாம், எங்களை வீட்டுக்கு விட ஒரு கிழமை இருக்கும்போதே, அக்காவைப் பார்க்க வந்த சாக்கில் கொப்பியில் எழுதிக்கொண்டு போனவள் பத்மா.

பத்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் நான்காவது காம்பரா. பாடசாலையில் நான் முதலாவது வந்த ஓட்டங்களிலெல்லாம் இரண்டாவது வந்தவள். கடைசியாக ஓடியபோது, வளைவில் நான் குறுக்கே விழுந்து தன்னைத் தடுத்தேன் என்று நடுவரிடம் முறையிட்டாள். நடுவர் ஏற்கவில்லை. அதோடு அவள் ஓட்டத்தை விட்டுவிட்டுக் கொழுந்துக் கூடை கட்டினாள். ஆறு வருடம் நாங்கள் முகம் கொடுத்துப் பேசியதில்லை. (குறுக்கே விழுந்தேனா? கொஞ்சம்.) அப்படிப்பட்டவள் எங்களைக் கூட்டிவரக் கண்டிக்கு வேன் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறாள். வேனில் அவளுக்கு எட்டாத கடைசி ஆசனத்தில் போய் உட்கார்ந்தேன்.

வந்து இறங்கினால் லயமே மாறியிருந்தது. எங்கள் காம்பராவுக்குப் புதுச் சுண்ணாம்பு. வாசலில் சவர்க்காரமும் வாளியும். பீலிச் சுவரில் ஒரு கொப்பித் தாள் ஒட்டியிருந்தது. இன்ன நாள் இன்ன வீட்டுச் சமையல் என்று. அக்காவால் குனிந்து அடுப்பூத முடியாது, எனக்கோ பழைய சோறு, பச்சைக் காய், கடைத் தீன் எதுவும் கூடாது. ஆகவே மற்றப் பதினொரு வீடும் முறை வைத்துச் சுடச்சுடச் சமைத்து, உப்புக் குறைத்து, தண்ணீர் கொதிக்க வைத்துக் கொண்டுவருவார்களாம். வழக்கமாக ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரைப் பார்க்க லயமே பிஸ்கட்டும் தோடம்பழமுமாக உள்ளே நிறைந்துவிடும். இந்த முறை ஒருவரும் வாசற்படியைத் தாண்டவில்லை. கிருமி தொற்றும் என்று பத்மா கட்டளையாம். பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு, "சாப்புடு வசந்தி" என்று தூர நின்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இந்த மனிதர்களுக்கு நான் என்ன செய்தேன்? ஒன்றும் இல்லை. ஒன்றும் செய்யாத ஒருத்திக்கு யாராவது இவ்வளவு செய்வார்களா? தேர்தல் வருகிறதா என்று யோசித்தேன். யாரோ என் படத்தைக் காட்டி வெளிநாட்டில் உதவி கேட்கிறார்களா என்று யோசித்தேன். எல்லாவற்றுக்கும் தலைமை பத்மா என்பது எதற்கும் பொருந்தவில்லை.

இன்னொன்று. எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு ஜம்போலா மரம். தலை அளவுக்குக் காய்க்கும், தடித்த தோல், உள்ளே சிவப்புச் சுளை. தமிழ்நாட்டில் பம்பிளிமாஸ் என்பார்களாம். எனக்கு உயிர். கண்டிக்குப் போகும்போது மரம் நிறையக் காய். திரும்பி வந்தால் ஒன்றுகூட இல்லை.

"பழம் எங்கக்கா?"

"அது ஒனக்கு ஆகாதாம். மாத்திரையோட சண்ட போடுமாம். பத்மாதான் எழுதிக்கிட்டு வந்தா. நீ பாத்தா ஆசப்படுவேன்னு அவளே ஏறிப் பறிச்சுப் போட்டா."

"பறிச்சு எங்க கொண்டு போனா?"

அக்காவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. எல்ல ஊர்ப் பக்கம் ரோட்டோரக் கடைகளில் வெள்ளைக்காரர்களுக்கு ஜம்போலா என்ன விலை போகிறது என்று ஊருக்கே தெரியும். நோயாளியின் பெயரைச் சொல்லி மரத்தை மொட்டையடித்திருக்கிறாள், கெட்டிக்காரி! பழமாவது மாத்திரையோடு சண்டை போடுவதாவது என்று சிரித்தேன்.

அன்றைக்கே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். ஓடு உள்ளதையும் தோல் உள்ளதையும் மட்டும்தான் சாப்பிடுவேன். ஓட்டோடு அவித்த முட்டை, வாழைப்பழம், என் கையால் அவித்த உருளைக்கிழங்கு, நானே காய்ச்சிய கஞ்சி. இதில் யாரும் எதையும் கலக்க முடியாது. வாசலில் வரும் சோற்றை என்ன செய்வது? அக்கா தன் பங்கைச் சாப்பிட்டுக் கண்ணயர்ந்ததும், என் பங்கைப் பின்கதவு வழியாக லயத்து நாய்க்குப் போட்டுவிடுவேன். முருங்கைக்காய் வாசனை, பருப்பு வாசனை எல்லாம் மூக்கில் ஏறும். பல்லைக் கடித்துக்கொள்வேன்.

இரண்டாம் மாதம் காலையில் நடக்கச் சொன்னார்கள். ஓடக் கூடாது, நடக்கலாம். தோட்டத்து ரோட்டில் நான் இறங்கினால் ஒவ்வொரு வளைவிலும் யாரோ நிற்பார்கள். கோயில் வளைவில் ஒருத்தி விறகு பொறுக்குவாள், பாலத்தில் ஒருவர் சும்மா வெற்றிலை போடுவார், மருந்துக் காம்பரா முனையில் யாராவது செருப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்கள். தினமும் அதே நேரம், அதே இடம். வேவு பார்க்கிறார்கள் என்று நிச்சயமானது. ஆனால் அந்த ரோட்டை ஓடி அளந்தவள் நான். பாலத்துக்கும் மருந்துக் காம்பராவுக்கும் நடுவில், ஒருவர் கண்ணிலும் படாத பள்ளத்தில், இன்னொரு ஜம்போலா மரம் நிற்பது எனக்கு மட்டும்தான் தெரியும். விழுந்து கிடக்கும் பழத்தை எடுத்து ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு வருவேன். குளித்து முடித்து, பின்பக்கம் உட்கார்ந்து, தோலை உரித்து, சுளை சுளையாகத் தின்பேன். ஊரையே ஏய்த்த சந்தோஷம்! தினமும் ஒன்று.

அக்கா கொழுந்தெடுக்க மலைக்குத் திரும்பியதும் அந்த மாதம்தான். நாளுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று கணக்கு, குறைந்தால் முழுப் பேர் விழாது, அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம். அக்காவால் பழைய வேகத்தில் எடுக்க முடியாது, சுமக்கவும் கூடாது. மேலே ரோட்டில் நடக்கும்போது பார்த்தேன், நிறுக்கப் போகும் முன்னால் ஒவ்வொரு பெண்ணும் தன் கூடையிலிருந்து இரண்டு பிடி அள்ளி அக்காவின் சாக்கில் போட்டுவிட்டுப் போகிறாள். சாக்கைத் தூக்கிப் போவது பத்மா. இதற்கெல்லாம் ஒரு நாள் என்ன கேட்கப் போகிறார்களோ என்று எனக்குக் குலை நடுங்கியது.

பிறகு நிஜமாகவே கை நடுங்கத் தொடங்கியது.

முதலில் கரண்டி பிடிக்கும்போது. பிறகு சட்டை ஊசி மாட்டும்போது. தலைவலி. மூத்திரம் குறைந்தது. கிளினிக் நாளில் இரத்தம் எடுத்தார்கள். மாலைக்குள் என்னைப் பதுளை வார்ட்டில் படுக்க வைத்துவிட்டார்கள். கிரியேட்டினின் ஏறியிருந்தது. உடம்பு புதுச் சிறுநீரகத்தை அடிக்கத் தொடங்கிவிட்டதோ என்று முதலில் பயந்தார்கள். ஊசி விட்டு ஒரு துளி சதை எடுத்துப் பார்க்கக் கண்டிக்கு அனுப்ப வேண்டி வரலாம் என்றார்கள். மாத்திரை அளவு பார்க்க எடுத்த இரத்தத்தின் முடிவு வர இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் வயிற்றின் வலது பக்கத்தில் கையை வைத்துக்கொண்டே கிடந்தேன். போய்விடாதே, போய்விடாதே என்று அதனிடம் கெஞ்சினேன். திரும்பவும் இயந்திரம் என்றால் என்னால் முடியாது.

முடிவு வந்தது. டொக்டர் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "மருந்து ரத்தத்துல ரொம்பக் கூட. ரெண்டு மடங்குக்கும் மேல. நீங்க மாத்திர கூடப் போட்டதா?"

"இல்ல டொக்டர்! எண்ணிப் பாருங்க!"

எண்ணினோம். மாத்திரைப் பட்டையில் ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு எப்படி? அவர் போனதும் எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. யாரோ அதே மாத்திரையை எங்கிருந்தோ வாங்கி எனக்குக் கலந்து கொடுக்கிறார்கள். யாரோ என்ன, யாரென்று எனக்குத் தெரியாதா?

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவள் அவளே. வேலை முடித்து, இரண்டு பஸ் மாறி, அடுக்குச் சட்டியில் சோற்றோடு வந்து நின்றாள். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது.

"இதுல என்னடி கலக்குற?" என்றேன்.

"எதுல?"

"நடிக்காத. சோத்துல. மருந்து ரெண்டு மடங்கா ஏறியிருக்காம். அந்த ஓட்டத்த மனசுல வச்சுக்கிட்டு, கூட இருந்தே கொல்லப் பாக்குறியா?"

வார்ட்டில் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. பத்மா அடுக்குச் சட்டியைக் கீழே வைத்தாள். கத்தவில்லை.

"வசந்தி, நீ என் சோத்த என்னைக்காவது தின்னியா?"

நான் கீழே இருந்த சட்டியைப் பார்த்தேன். 

"நாயி பூசணிக்கா மாதிரி உருண்டு போயிருக்கு. அது ஏன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ரெண்டு மாசமா நாய்க்குத்தான் ஒலை வச்சோம். தின்னாத்தானேடி கலக்குறதுக்கு?" கண் கலங்கியது. துடைத்துக்கொண்டாள். "ஒங்கக்கா மனசு நோகுமேன்னு சொல்லாம இருந்தேன். கலக்கியிருந்தா நாய்க்குத்தான் கை நடுங்கியிருக்கணும்."

சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ராத்திரி முழுக்க ஒரே கணக்கு. சோறு நான் தின்னவில்லை. தண்ணீர் நானே கொதிக்க வைத்தேன். மாத்திரை சரி. அப்படியானால்?

காலையில் டொக்டர் வந்ததும் கேட்டார், "வசந்தி, நீங்க என்ன சாப்பிடுறது? எல்லாம் சொல்லுங்க. வெக்கம் வேணாம்."

எனக்கு வெட்கமென்ன? பெருமையாகவே சொன்னேன். முட்டை, வாழைப்பழம், கிழங்கு, கஞ்சி. "வெளியாளுங்க கை பட்ட எதுவும் இல்ல டொக்டர். ஜம்போலாகூட நானே பொறுக்கி நானே உரிச்சது."

டொக்டரின் பேனா நின்றது. "ஜம்போலா? எத்தன?"

"தெனம் ஒண்ணு."

அவர் பேனாவை மூடினார். பிறகு மெதுவாக விளக்கினார். மாத்திரையில் ஒரு பகுதியைக் குடல் உடைத்துப் போட்டுவிடும். அதை எதிர்பார்த்துத்தான் அளவு கொடுக்கிறார்கள். இந்தப் பழத்தின் சாறு குடலின் அந்த வேலையை நிறுத்திவிடும். உடையாத மருந்து அப்படியே இரத்தத்தில் ஏறும். ஒன்று தின்றாலே சில நாள் அதன் வேலை இருக்கும். நான் தினமும் தின்றிருக்கிறேன். "யாரும் ஒங்களுக்குச் சொன்னது இல்லையா?"

"சொன்னாங்க" என்றேன்.  எல்லாரையும் சந்தேகப்பட்டு, என்னை மட்டும் சந்தேகப்படாமல் விட்டுவிட்டேனே என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

மத்தியானம் அக்கா வந்தாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்திருந்தாள். அவளிடம் மறைக்கவில்லை. பள்ளத்து மரம், ஸ்வெட்டர், நாய், பத்மாவைப் பேசிய பேச்சு, எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இனி எனக்கும் ஒண்ணுதான் இருக்கு வசந்தி" என்றாள். "இன்னொன்னு கேட்டா எங்க போறது?"

அந்தக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகை அடுத்த வார்ட்டுக்கும் கேட்டிருக்கும். அவள் தடுக்கவில்லை. அழுது முடிக்கும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, பஸ் போய்விடும் என்று எழுந்து போனாள்.

மாத்திரையைக் குறைத்து, தினமும் இரத்தம் பார்த்து, பத்து நாளில் அளவு இறங்கியது. கிரியேட்டினினும் பின்னாலேயே இறங்கியது. பழைய இடத்துக்கு முழுசாக வரவில்லை, ஆனால் டொக்டர் சிரிக்கும் அளவுக்கு வந்தது. கை நடுக்கம் நின்றது. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பீலிச் சுவரில் கொப்பித் தாள் இல்லை. கிழித்த ஓரம் மட்டும் ஒட்டியிருந்தது. வாசலில் சோறு வரவில்லை. மாமா அவித்த கிழங்கைத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை பெரட்டுக்குப் போனேன். வேலைக்குப் போகும் எல்லாரும் பெயர் கொடுக்கக் கூடும் களம் அது. பெண்கள் கூடையும் இடுப்பில் கட்டிய படங்குமாக நின்றார்கள். கங்காணி என்னைப் பார்த்து, "என்னம்மா, ஒனக்குத்தான் லீவாச்சே?" என்றார்.

"ஒரு வார்த்த சொல்லணும் கங்காணி" என்றேன். முகக்கவசத்தை இறக்கிக் குரலை உயர்த்தினேன். "ஒங்க சோத்துல ஒண்ணும் இல்ல. நான்தான் ஜம்போலா தின்னேன். பத்மா மேல பழி போட்டேன். ஒங்க சோத்தையெல்லாம் நாய்க்குப் போட்டேன். நான் செஞ்சது பெரிய தப்பு."

ஒரு கிழவி "அட பாவி மவளே!" என்றாள். யாரோ கூட்டத்துக்குள் சிரித்தார்கள்.

"எங்க கெடச்சுது பழம்?" என்று பத்மா கேட்டாள். "ஒண்ணு விடாமப் பறிச்சேனே."

"பாலத்துக்கு அங்கிட்டுப் பள்ளத்துல ஒரு மரம் இருக்கு."

"நீ ஓடிருவேன்னுதான் வளைவுக்கு ஒரு ஆள நிறுத்தி வச்சோம். பள்ளத்துல எறங்குவேன்னு யாரு கண்டா?"

கேட்காமல் இருக்க முடியவில்லை. "நீ பறிச்ச பழமெல்லாம்?"

"வித்தோம். பின்ன அழுக விடவா? கண்டிக்கு வேன் கூலி யாரு குடுத்தான்னு நெனச்ச?"

கங்காணி விசிலடித்தார். கூட்டம் கலைந்து மலைக்கு நடந்தது. ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நியாயம்தான் என்றும் நினைத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். அடுப்பில் கஞ்சி வைக்கப் போனேன். வாசலில் பத்மா. கையில் அடுக்குச் சட்டி, முகத்தில் கவசம். படியை விட்டு ஏறவில்லை. சட்டியை வைத்துவிட்டுப் போகவும் இல்லை. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தின்னு. நான் பாக்கணும்."

"நம்ப மாட்டியா?"

"ஒன்னையா?" என்றாள்.

நான் சட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். சூடு துணியைத் தாண்டிச் சுட்டது. இரண்டு மாதமாக வாய்விட்டுக் கேட்காத கேள்வியை அப்போதுதான் கேட்டேன்.

"பத்மா, நான் ஒனக்கு ஒரு நல்லது செஞ்சதில்ல. இவங்க ஒருத்தருக்கும் செஞ்சதில்ல. ஏன் எனக்குச் சோறு போடுறீங்க?"

"ஒனக்கா?" பத்மாவுக்கு நிஜமாகவே ஆச்சரியம். "ஒனக்கு யாருடி போட்டா? மல்லிகாக்கா எங்களுக்கு என்னென்ன செஞ்சிருக்குன்னு ஒனக்கென்ன தெரியும், நீதான் எப்பவும் ஓடிக்கிட்டே இருந்தியே. என் புள்ள பொறந்தப்ப பதினஞ்சு நாள் என் அடுப்ப எரிச்சது அது. அதோட ஒடம்புல பாதி ஒன் வயித்துக்குள்ள கெடக்கு. அதப் பட்டினி போட முடியுமா? அதுக்குத்தான் சோறு. நீ நடுவுல ஒரு வாய், அவ்வளவுதான்."

எத்தனையோ காரணம் யோசித்திருந்தேன். இது ஒன்றைத்தான் யோசிக்கவில்லை. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தும் அதில் சந்தேகப்பட ஒன்றும் அகப்படவில்லை.

மூடியைத் திறந்தேன். சோறு, பருப்பு, புடலங்காய்ப் பொரியல். பத்மா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்து மென்று விழுங்கினேன்.

"உப்பே இல்ல" என்றேன்.

"அதுக்கு உப்பு ஆகாது" என்றாள் பத்மா. "தின்னு."

சட்டி காலியாகும் வரைக்கும் தின்றேன்.